முகில் மறைத்த வால்வெள்ளி

வால்வெள்ளி ஒன்று நம் வானத்தே வந்து நின்றதும், நின்ற நாள்களிற் பலவற்றில் கார்முகில் அதனைக் காணவொட்டாது மறைத்ததும், 2024-ம் ஆண்டு புரட்டாசி இறுதியிலும் ஐப்பசியிலும் தமிழ்நாட்டார் பலரும் அறிந்த செய்தி. அதுபற்றி நம் கல்லூரியில் அக்காலத்து எழுந்த பேச்சு இருவகைப்பட்டது. 'மழைக்காலத்தில் மாடியேறி வானத்தைப் பார்த்து நிற்பது வீண் வேலை' என்றனர் ஒரு சாரார். 'கைப்பேசியில் படங்கள் வந்து குவிகின்றன. அவற்றைக் கண்டாற் போதாதோ?' என்றனர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றையும் யாம் ஒப்புவதற்கில்லை. ஒப்பாமைக்குக் காரணம் யாதென ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதற்கண் அவ்வால்வெள்ளியின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். 2023-ம் ஆண்டு ஜனவரித் திங்களில் சீன தேசத்து ஊதாமலை வானாராய்ச்சி நிலையத்தாரும், அடுத்த திங்களில் தென்னாப்பிரிக்காவில் நிறுவப்பட்டுள்ள அட்லஸ் என்னும் தொலைநோக்கியும் அதனை வெவ்வேறாகக் கண்டமையின், ட்சூச்சின்ஷான்–அட்லஸ் என்னும் இரட்டைப் பெயர் அதற்கு வாய்த்தது. எளிதில் நாவிற் படியாத பெயர்தான். நம் மாணவர் அதனைச் 'சூச்சி' எனச் சுருக்கிச் செல்லப்பெயர் ஆக்கிக்கொண்டனர். அது கதிரவனை மிக அணுகிய நாள் 2024 செப்டம்பர் 27. அன்று புதன்கோள் சுழலும் தொலைவளவிற்கே அது கதிரவனை நெருங்கிற்று. பூமியை அணுகிய நாள் அக்டோபர் 12. இடைத்தொலைவு ஏறத்தாழ 7 கோடி கிலோமீட்டர். கோள்களுக்கெல்லாம் நெடுந்தொலைவு அப்பாற் குளிர்ந்து கிடக்கும் பனிப்பாறைக் கூட்டத்தினின்று வந்த பொருள் அது. மீண்டு வருமோ என்பதே ஐயம். வரினும் இடையிற் பல்லாயிரம் ஆண்டு கழியும்.

வால்வெள்ளிகளின் வாக்கை நம்புதல் அரிது. 2013-ம் ஆண்டில் 'நூற்றாண்டின் வால்வெள்ளி' எனப் பலவாறு புகழப்பட்ட ஐசான், கதிரவனை அணுகிய நாளிலேயே சிதைந்தொழிந்தது. அதுபோலவே இதுவும் சிதையும் என்று, இத்துறையில் நெடிது பழகிய அறிஞர் ஒருவர் 2024 ஜூலைத் திங்களில் எழுதி வெளியிட்டார். இது சிதையவில்லை, கதிரவனை வலம் வந்து, வெறுங்கண்ணுக்குப் புலனாகும் ஒளியுடன் மாலைவானில் எழுந்தது. பனிக்கட்டியும் தூசியும் கலந்த ஒரு பொருள் வெயிலில் எவ்வாறு உருகும், எப்பொழுது வெடிக்கும் என்பதை முன்கூட்டி அறுதியிட்டு உரைப்பார் இன்றும் இலர். ஆகவே வால்வெள்ளியைக் காண நினைப்பார்க்கு ஐயம் இரண்டு: வருவது வருமோ என்பது ஒன்று, வந்த பின் வானம் திறக்குமோ என்பது மற்றொன்று. பின்னையதைப் பற்றியே பேசப் புகுந்தோம்.

அவ்வாண்டு நம் வானம் இருந்த நிலையை நினைவிற் கொள்க. செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரின் முதல் சில நாள்களிலும் வால்வெள்ளி விடியலுக்கு முன் கீழ்வானில், அடிவானத்தை ஒட்டித் தோன்றிற்று. அக்டோபர் 2 அமாவாசையாதலின் இருளுக்குக் குறைவில்லை. ஆயினும் அடிவானத்தில் முகிற்படலம் ஒரு சுவர்போல் நின்றது. பின்னர் அது கதிரவன் ஒளியிற் புகுந்து மறைந்து, 12-ம் நாள் முதல் மாலையில் மேல்வானில், வெள்ளிக்கோளுக்கும் சுவாதி மீனுக்கும் இடைப்பட்ட வெளியில் தோன்றலாயிற்று. நாளுக்கு நாள் உயர ஏறிற்று. நாளுக்கு நாள் ஒளி குன்றிற்று. கிட்டிய வாய்ப்பு ஒரு பத்து மாலைப்பொழுதே. அப்பத்தின் நடுவில், அக்டோபர் 15-ம் நாள், வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக அறிவிப்பு வந்தது. வங்கக்கடலில் எழுந்த தாழ்வு மண்டலம் 17-ம் நாள் விடியலிற் சென்னைக்கு அருகே கரை கடந்தது. அதே 17-ம் நாள் பௌர்ணமி. முகில் விலகின் நிலவு, நிலவு தாழ்ந்தால் முகில் என முறைவைத்துக் காவல் நின்றாற்போல் இருந்தது! திங்களின் இறுதியில், 31-ம் நாள், தீபாவளிப் புகையும் தன் பங்கைச் செலுத்திற்று. அதற்குள் வால்வெள்ளி வெறுங்கண்ணுக்குக் கிட்டா அளவிற்கு மங்கிவிட்டது.

இந்நாள்களில் நம் விடுதி மாணவர் பதினொருவரும் யாமும் மாலைதோறும் விடுதி மாடியிற் கூடினோம். கையில் ஒரு பழைய பைனாகுலர், ஒரு விண்மீன் வரைபடம், ஒரு நோட்டுப் புத்தகம். 13-ம் நாள் முகில். 14 முகில். 15 மழை, மாடிக்கே செல்லவில்லை. 16 மழை. 17-ம் நாள் மேற்கே ஒரு பிளவு, அதில் வெள்ளிக்கோள் மட்டும். 18 முகில். 19 முகில். இவ்வாறு எழுதி எழுதி ஏட்டின் ஒரு பக்கம் நிரம்பிற்று. கீழேயிருந்து, 'அண்ணா, வால் தெரிகிறதா, தலை தெரிகிறதா?' என்று இளைய வகுப்பினர் கேலி பேசினர்.

20-ம் நாள் மாலை, இரவு உணவுக்கு மணியடிக்கச் சற்றுமுன், 7 மணி 12 நிமிடமளவில் மேற்கே முகில் கிழிந்தது. நிலவு அன்று பிந்தி எழுவதாகலின் வானம் நன்கு இருண்டிருந்தது. கிழிசல் நான்கு நிமிடம் நின்றது. பைனாகுலர் கைமாறிக் கைமாறிச் சென்றது. மூவர் கண்டனர்: நீர் கலந்த பால்போன்ற ஒரு சிறு திரள், மேல்நோக்கிச் சாய்ந்த ஒரு வால். நால்வர் காணவில்லை. ஏனையோர் கண்டதாகக் கூறினர். அவருள் ஒரு மாணவர் மட்டும் ஏட்டில் எழுதும் தறுவாயில் எம் அருகே வந்து, 'ஐயா, எனக்கு வெண்மையாக ஒன்று தெரிந்தது உண்மை. அது முகிலின் ஓரமாகவும் இருக்கலாம். என் பெயருக்கு நேரே ஐயம் என்று எழுதிக்கொள்ளுங்கள்' என்றார். தோழர் பலர் அவரை நகைத்தனர். அவ்வாறே எழுதினோம். அவ்வேட்டில் யாம் மிகவும் மதிப்பது அந்தச் சொல்லையே. ஏன் என்பது மேல்வருவனவற்றால் விளங்கும்.

நிற்க. முகிலுக்கும் வால்வெள்ளிக்கும் நம் நாட்டில் நிகழ்ந்த பழைய வழக்கொன்று உண்டு. அது வான நூல் வரலாற்றில் இடம்பெற்றது. ஆயினும் நம்மவருட் பலர் அறியாதது.

பீலா என்னும் வால்வெள்ளி, ஏறத்தாழ ஆறே முக்கால் ஆண்டிற்கு ஒருமுறை கதிரவனைச் சுற்றி வந்தது. 1846-ம் ஆண்டின் தொடக்கத்தில் அது இரண்டாகப் பிளந்தமை கண்டு வானநூலார் வியந்தனர். 1852-ம் ஆண்டில் இரண்டு வால்வெள்ளிகளாகவே மீண்டது. அதன் பின்னர் அதனைக் கண்டாரில்லை. தேடித் தேடிக் கைவிட்ட நிலையில், 1872 நவம்பர் 27-ம் நாள் இரவு ஐரோப்பிய வானத்திலிருந்து எரிமீன்கள் மழையெனப் பொழிந்தன. பூமி, பீலாவின் பாதையைக் குறுக்கிட்டதனால் அதன் துகள்கள் வந்து வீழ்ந்தன என்பது தெளிவாயிற்று. அப்பொழுது ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரத்து வானாராய்ச்சித் தலைவராயிருந்த கிளிங்கர்பூஸ் என்பார்க்கு ஓர் எண்ணம் உதித்தது. வால்வெள்ளியே பூமியை உராய்ந்து சென்றிருப்பின், எரிமீன்கள் வந்த திசைக்கு நேர் எதிர்த்திசையில் அது இப்பொழுது ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். அவ்வெதிர்த்திசை தென்வானத்து விண்மீன் ஒன்றன் அருகே விழுந்தது. ஜெர்மனியில் அவ்வுடு அடிவானத்தைத் தொட்டுக்கொண்டே மறைவது. அங்கிருந்து தேடுதல் ஆகாது. தெற்கே இருந்து தேடவல்லார் யாவர்? சென்னப்பட்டணத்து வானாராய்ச்சி நிலையத்தார்! உடனே அவர் சென்னைக்குத் தந்தி அடித்தார்: பீலா 27-ம் நாள் பூமியைத் தீண்டிற்று, இன்ன விண்மீனருகே தேடுக என்பதே அதன் பொருள்.

தந்தியைப் பெற்றவர் நார்மன் போக்சன் என்பவர். 1861 முதல் 1891-ல் உயிர் நீக்கும் வரை சென்னை நிலையத்தின் தலைவராயிருந்தவர். விண்மீன்களின் ஒளித்தரத்தை அளக்க இன்றும் உலகம் கையாளும் அளவுமுறையை வகுத்தவர். அவர் இருந்த இடம் நுங்கம்பாக்கம், பருவம் கார்த்திகை. அப்பருவத்துச் சென்னை வானத்தைப் பற்றி நாம் எவர்க்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முதல் இரண்டு விடியற்காலங்களிலும் அவர் கண்ணாடியின் அருகே காத்திருந்தார்; முகிலும் மழையும் அவரை ஏமாற்றின. மூன்றாம் நாள் விடியலில், ஐந்தேகால் மணியளவில், முகிலிடையே சிறிது நேரம் நீலவானம் தோன்றிற்று. அவ்விடைவெளியில் வட்டமான, நடுவே ஒளிமிக்க, வாலில்லாத ஒரு பொருளை அவர் கண்டார். அருகிருந்த பெயரற்ற விண்மீன் ஒன்றனோடு ஒப்பிட்டு நான்கு முறை அளந்தார். நான்கு நிமிடத்துள் அப்பொருள் இடம் பெயர்ந்தமையின், அது விண்மீனன்று, வால்வெள்ளியே எனத் துணிந்தார். மறுநாள் விடியலில் இன்னும் நன்றாகக் கண்டார், மங்கலான சிறு வாலும் தோன்றிற்று, அளவுகளையும் குறித்துக்கொண்டார். அதற்கடுத்த நாள் முகிலும் மழையும் மீண்டு வந்தன. வானம் திறந்த பொழுது வால்வெள்ளி சென்றுவிட்டது.

இரண்டு விடியல். அவ்வளவே! இதன் கொடுமை யாதெனின், ஒரு வால்வெள்ளியின் பாதையைக் கணக்கிட வேண்டுமாயின் குறைந்தது மூன்று நாள் கண்ட அளவுகள் வேண்டும். பாதையை வரையறுக்கும் எண்கள் ஆறு. ஒரு முறை கண்டால், மேல்கீழாக ஒன்றும் குறுக்காக ஒன்றும் என இரண்டு எண்களே கிட்டும். மும்முறை கண்டால் ஆறும் கிட்டும். இரு முறை கண்டாற் கிட்டுவன நான்கே. நான்கைக் கொண்டு ஆறைக் காணுதல் கணித நூலார்க்கும் இயலாது. ஆகலின் போக்சன் கண்ட பொருள் எங்கிருந்து வந்தது, எங்குச் சென்றது என்பது இன்றளவும் விளங்காத புதிராகவே நின்றுவிட்டது. பின்னர்க் கணித்த வானநூலார், பீலா அவ்விடத்தில் அந்நாளில் இருந்திருக்க இயலாது என்று காட்டினர். அவ்வாறாயின் அது வேறொரு வால்வெள்ளி. தற்செயலாக அவ்வழி வந்தது. வேறு எவரும் அதனைக் கண்டாரில்லை. உலகில் அதற்குள்ள சான்று, மழைக்காலத்துச் சென்னையில் இரு விடியல்களில் ஒருவர் எழுதிவைத்த சில வரிகளே.

அவ்வரிகளின் நேர்மையை எண்ணிப் பார்க்க. எத்தனை முறை ஒப்பிட்டார், எந்த மீனோடு ஒப்பிட்டார், எத்தனை நிமிடத்தில் எவ்வளவு நகர்ந்தது, எந்நாள்களில் முகிலால் ஏமாந்தார் என அத்தனையும் எழுதினார். தாம் கண்டது பீலா என்று அவர் நம்பினார், அந்நம்பிக்கை பிழைபட்டது. ஆயினும் அவர் கண்டதும் அளந்ததும் பிழைபடவில்லை. நம்பியது வேறு, கண்டது வேறு என அவர் ஏட்டில் பிரிந்து நின்றமையாற்றான், நூற்றைம்பது ஆண்டிற்குப் பின்னும் அறிஞர் அதனை எடுத்து ஆராய முடிகின்றது. மூன்றாம் நாளையும் கண்டதாக அவர் ஒரு வரி சேர்த்து எழுதியிருப்பின் யார் மறுத்திருக்கக் கூடும்? எழுதவில்லை. முகில் என்றே எழுதினார். எம் விடுதி மாணவர் 'ஐயம்' என்று எழுதச் சொன்னதை யாம் பெரிதாகப் பாராட்டுவது இதனாலேயே.

ஒன்று இடையே கூற விரும்புகின்றோம். 1899-ம் ஆண்டளவில் விண்ணாராய்ச்சிப் பணி கோடைக்கானல் மலைக்கு மாறிச் சென்றது. சென்னையில் அப்பழைய நிலையம் நின்ற இடத்தில் இன்று இருப்பது மண்டல வானிலை ஆய்வு மையம். விண்மீனை மறைத்த முகிலை ஆராய்வதற்கே அவ்விடம் உரியதாயிற்று! தொடக்க காலத்துத் தொலைநோக்குக் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் ஒன்று, 1792-ம் ஆண்டைக் குறித்த எழுத்துகளோடு இன்றும் அங்கே நிற்கின்றது. அவ்வெழுத்துகளில் தமிழும் உண்டு. சென்னை செல்லும் மாணவர் தவறாது பார்த்து வருக. அந்நிலையத்தில் போக்சனின் கீழ்ப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார், 1874-ம் ஆண்டில் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் குறித்து நம் நாட்டு மொழிகளிற் சிறு நூல் எழுதி வெளியிட்டவர். பொதுமக்கள் தாமே வானத்தைப் பார்த்தல் வேண்டும் என அக்காலத்திலேயே எண்ணியவர் நம்மிடையே இருந்தனர் என்பது நினைக்கத்தக்கது.

வெள்ளிக்கோளைப் பற்றிய பேச்சு வந்தமையின், முகிலால் வஞ்சிக்கப்பட்ட மற்றொருவரையும் சொல்லாமல் விடுதல் ஆகாது. அவர் தேடியது வால்வெள்ளியன்று. ஆயினும் அவர்தம் துயரம் இவ்வகையினதே. லெ ஜாந்தில் என்னும் பிரெஞ்சு வானநூலார், 1761-ம் ஆண்டில் வெள்ளி கதிரவனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து அளக்க விரும்பி 1760-ல் கப்பலேறினார். போர் மூண்டு புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்டமையின் கரையேறுதற்கு இயலாது, ஆடும் கப்பலில் நின்றவாறே அக்காட்சியைப் பார்த்தார், அளத்தற்கு இயலவில்லை. அடுத்த கடப்பு 1769-ல். எட்டாண்டு ஊர் திரும்பாது கிழக்கத்திய கடல்களிற் காத்திருந்தார். 1769 ஜூன் 4-ம் நாள் விடியல். புதுச்சேரியில் எல்லாக் கருவிகளையும் அணிசெய்து வைத்திருந்தார். முன்னிரவில் வானம் தெளிவு. விடியலில் முகில் திரண்டது. கடப்பு முடிந்த பிறகு கதிரவன் வெளிப்பட்டான்! அவர் முன்னர்த் தங்கியிருந்த மணிலா நகரத்திலோ அன்று வானம் தெளிந்திருந்தது. 1771-ல் ஊர் திரும்பிய பொழுது, அவர் இறந்துவிட்டதாகக் கருதி, கழகத்தில் அவருக்கிருந்த இடத்தைப் பிறர்க்கு அளித்திருந்தனர்.

இக்கதையை உலகம் ஒரு துன்பக் கதையாகவே சொல்லிவருகின்றது. நம் நாட்டார் அதனை வேறு விதமாகவும் பார்த்தல் தகும். காத்திருந்த காலத்தில் லெ ஜாந்தில், சோழிகளைப் பரப்பி மனக்கணக்காகவே கிரகணங்களைக் கணிக்கும் தமிழர் முறையைப் புதுச்சேரியிற் கற்று, அதனை எழுதி ஐரோப்பியர்க்கு அறிவித்தார். முகில் ஒன்றைப் பறித்தது. காத்திருப்பு மற்றொன்றைத் தந்தது. கொண்டுசென்ற கருவி பயன்படாத நாள்களில் அருகிருந்த மக்களின் அறிவு அவர் கண்ணுக்குப் புலனாயிற்று.

இனி, கைப்பேசியாரின் வாதத்திற்கு விடை கூறுவாம். அவர் கூறுவதில் உண்மை இல்லாமல் இல்லை. ட்சூச்சின்ஷான்–அட்லஸ் கதிரவன் ஒளியிற் புகுந்து நம் கண்ணுக்கு மறைந்திருந்த அக்டோபர் நாள்களிலும், கதிரவனை இடையறாது நோக்கும் சோஹோ என்னும் விண்கலம் அதனைப் படம் பிடித்தது. அக்கலத்திற்கு முகில் இல்லை, மழை இல்லை. வால்வெள்ளியைக் கண்டுபிடிக்கவோ அதன் பாதையைக் கணிக்கவோ நம் விடுதி மாடி வேண்டுவதில்லை என்பதை முழுவதும் ஒப்புகின்றோம். ஒளிமதிப்பு முதலியவற்றைத் தனிமனிதர் இன்றும் உலகெங்கும் எழுதி அனுப்புகின்றனர், அவை திரட்டப்படுகின்றன என்பது உண்மையே. எனினும் அதனை நம் வாதத்திற்குத் தூணாக நிறுத்த விரும்பவில்லை.

நாம் கேட்பது வேறு. ஒரு படத்தைப் பார்த்தவர் 'வால்வெள்ளியைப் பார்த்தேன்' என்று சொல்லுதல் முறையாகுமா? பலமணித்துளிக் காலம் ஒளியைத் திரட்டி, நிறம் ஊட்டி, வாலை நீட்டிக் காட்டும் படம் ஒன்று. மங்கிய திரளாய்க் கண்ணின் ஓரத்தே நின்று நழுவும் காட்சி மற்றொன்று. படத்திற் பழகிய கண், மாடியில் நின்று உண்மையை எதிர்ப்படும்பொழுது 'இவ்வளவுதானா!' என்று சலிக்கின்றது. அதனினும் தீயது ஒன்று உண்டு: காணாததைக் கண்டதாகச் சொல்லும் பழக்கம், இப்படங்களால் எளிதாகிவிட்டது. அவ்வைப்பசியில் நம் வகுப்பறைகளில் வால்வெள்ளியைக் கண்டதாகச் சொன்னவர் தொகையை, அந்நாள்களில் வானம் திறந்திருந்த நாழிகைகளோடு ஒப்பிட்டால் கணக்கு ஒத்துவராது. இதனைக் கடிந்து சொல்லவில்லை. சோதனைச் சாலையிலும் இதே பழக்கம் நுழைகின்றதே என்றுதான் அஞ்சுகின்றோம். வரவேண்டிய விடை முன்னரே புத்தகத்தில் அச்சாகியிருக்கும்பொழுது, தராசு காட்டிய எண்ணை எழுதுவதற்கு ஒரு துணிவு வேண்டும். அத்துணிவைப் பழகுதற்கு முகில் சூழ்ந்த மாடியைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை. ஏனெனில் அங்கே பெரும்பான்மை நாள்களில் எழுத வேண்டிய உண்மை 'ஒன்றும் காணவில்லை' என்பதே.

'வீண் வேலை' என்பார்க்கும் இதுவே விடை. முகிலென்று எழுதிய ஏழு நாள் இல்லையேல் எட்டாம் நாளின் நான்கு நிமிடம் இல்லை. எந்நாளில் முகில் கிழியும் என்று முன்கூட்டி அறிந்து அன்று மட்டும் மாடியேறுதல் எவர்க்கும் இயலாது. 2020-ம் ஆண்டு ஜூலையில் நியோவைஸ் என்னும் வால்வெள்ளி வடமேல் வானில் தோன்றிய பொழுதும் இதே நிலை. தொற்றுநோயால் வீட்டிலிருந்த நாள்களாதலின் பொழுதுக்குக் குறைவில்லை. ஒரு நாள் பார்த்து முகிலென்று இறங்கியவர் மறுநாள் ஏறவில்லை என்பதே பலர் சொன்ன கதை.

இந்திய வானநூலார் வேணு பாப்பு, 1949-ம் ஆண்டில் ஹார்வர்டில் மாணவராயிருந்த காலத்தில் வானத்தைப் படம் பிடித்த தகடுகளை ஆராய்கையில் ஒரு புதிய வால்வெள்ளியைக் கண்டார். அது அவர் பெயரையும், துணைநின்ற பாக், நியூகர்க் என்னும் இருவர் பெயரையும் தாங்கி நிற்கின்றது. பின்னாளில் ஜவ்வாது மலையிற் காவலூர் நிலையத்தை அமைத்தவரும் அவரே. தகடு தகடாக ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை எனப் பார்த்துச் செல்லும் பொறுமை இல்லாதார்க்கு அத்தகைய தகடு ஒருநாளும் வாய்ப்பதில்லை. நிலையம் அமைந்த பின்னும் காவலூரில் மழைக்காலத்து முகில் முகிலே. அங்கும் இரவெல்லாம் விழித்திருந்து, கண்ணாடியின் மூடியைத் திறவாமலே விடியலில் உறங்கச் செல்லும் நாள்கள் உண்டு.

ஆதலின் நம் கல்லூரித் தலைவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்ளுகின்றோம். நம் கல்லூரிக்கென ஒரு வானக் குறிப்பேடு வேண்டும். பெருஞ்செலவு ஒன்றும் இல்லை: தடித்த அட்டையிட்ட ஏடு ஒன்று, நாள், நேரம், முகிலின் அளவு, தேடிய பொருள், கண்டது, காணாதது, ஐயம், கையொப்பம் என்னும் பத்திகள். வால்வெள்ளி வரும் காலத்தில் மட்டுமின்றி ஆண்டு முழுவதும், மாலைதோறும் ஒருவராவது மாடியேறி எழுதிவருதல் வேண்டும். முகில் நாளுக்கும் ஒரு வரி உண்டு; அவ்வரியை வெற்றிடமாக விடுதல் கூடாது. இயற்பியல் மாணவர்க்கே உரியது என ஒதுக்காமல், தமிழ் மாணவரும் வரலாற்று மாணவரும் முறைவைத்து எழுதுக. ஈராண்டு எழுதினால், நம் ஊரில் எத்திங்களில் எத்தனை மாலை வானம் திறந்திருக்கின்றது என்பதையாவது நாமே அறிவோம். அதனை இன்று நம்முள் எவரும் அறியோம்.

மாடியின் திறவுகோல் யாரிடம் இருப்பது என்பது ஒரு பெரிய கேள்வி. மாணவர் மாடியில் நடமாடுதல் பாதுகாப்பன்று எனப் பூட்டு இடுகின்றனர். அதன் நியாயத்தை உணர்கின்றோம். ஆசிரியர் ஒருவர் உடனிருக்க, ஒரு மணி நேரம் மட்டும் திறந்துவிட்டாற் போதும். மற்றொன்று: விளையாட்டு வெளியின் உயர்கம்ப விளக்கு, ஆட்டம் ஒன்றும் இல்லாத மாலைகளிலும் மேற்கு வானம் முழுவதையும் வெளிறச் செய்கின்றது. முகிலை விலக்க எவரிடத்தும் விண்ணப்பிக்க இயலாது. விளக்கை அணைக்க விண்ணப்பிக்கலாம் அன்றோ? அதனைக் கண்காணிப்பாளரிடம் இதன் வாயிலாகவே கேட்டுக்கொள்ளுகின்றோம்.

பழைய மாணவர்க்கும் ஒரு சொல். 1986-ல் ஹாலியின் வால்வெள்ளி வந்த காலத்தில் இக்கல்லூரியிற் பயின்றோர் பலர் இன்றும் இவ்விதழைப் படிக்கின்றனர். அவ்வாண்டு மார்ச்சு, ஏப்ரலில் நம் ஊர் வானம் எவ்வாறிருந்தது, எவ்விடத்திலிருந்து பார்த்தீர், கண்டீரா, கண்டதாக நினைக்கின்றீரா என்பதை நான்கு வரியில் எழுதி அனுப்புவீராயின், புதிய ஏட்டின் முதற்பக்கங்களில் அவற்றைச் சேர்ப்போம். முகிலாற் காணாதவரும் எழுதுக. அவர் கடிதங்களை முன்வைப்போம்.

அதே வால்வெள்ளி அடுத்துக் கதிரவனை அணுகுவது 2061-ம் ஆண்டு ஜூலை இறுதியில். இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருப்போர் அன்று ஐம்பது வயதைக் கடந்திருப்பர். ஏடு இடைமுறியாது தொடர்ந்தால், முப்பத்தைந்து ஆண்டிற்கு மேற்பட்ட ஜூலை, ஆகஸ்டு மாலைகளின் கணக்கு அதற்குள் அவர் கையில் இருக்கும். அஃது ஆடித் திங்கள். தென்மேற்குப் பருவக்காற்றின் காலம்.